கோழிகளுக்குத் தூக்கம் வரவில்லை

இரண்டாவது கொட்டகைக் கோழிகள் பட்டப்பகலில் தூங்கி வழிந்தன. ஒன்று தண்ணீர் குடிக்கப் போய், பாதி வழியிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டது. இன்னொன்று தீவனத் தட்டில் தலையைக் கவிழ்த்தபடி இருந்தது. சாப்பிடுகிறதாக்கும் என்று பார்த்தால், குறட்டை விடாததுதான் பாக்கி.

அம்மாவின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

அம்மாவுக்குக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. தீவனத்தில் ஆளிவிதையைக் கலந்து கொடுத்தால், கோழி போடும் முட்டையில் இதயத்துக்கு நல்லதான கொழுப்பு கூடுமாம். ஆனால் அந்தத் தீவனம் கோழியின் உடம்புக்கும் ஒத்துக்கொள்ள வேண்டுமே. அதைப் பார்ப்பதுதான் அம்மாவின் ஆராய்ச்சி. ராத்திரியெல்லாம் அந்தக் கணக்கோடுதான் உட்கார்ந்திருப்பார். முதல் கொட்டகைக்குச் சாதாரணத் தீவனம். இரண்டாவது கொட்டகைக்கு ஆளிவிதைத் தீவனம்.

முதல் கொட்டகைக் கோழிகள் ஜம்மென்று இருந்தன. இரண்டாவதில் தீவனம் தட்டிலேயே மிஞ்சியது. முட்டையும் குறைந்துகொண்டே வந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்மா," என்று பெரிய சார் சொல்லிவிட்டார். அவர்தான் நிலையத்தின் தலைவர். "அதுக்குள்ள தேறலைன்னா நிறுத்திடுவோம். வாயில்லா ஜீவனைக் கஷ்டப்படுத்த வேணாம். புதுக் குஞ்சு வாங்கி, முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அவரும் ஒழுங்காகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது, கோபப்படவும் தெம்பு இல்லை. சொல்லி முடித்து, வெளியே போவதாக நினைத்து, வாசல் கதவுக்குப் பதில் அலமாரிக் கதவைத் திறந்தார்.

முதலிலிருந்து என்றால் இன்னும் ஒரு வருடம். ஏற்கெனவே ஒரு வருடமாக அம்மா என்னிடம் பேசியது "சாப்பிட்டியா", "பல் தேச்சியா", "அப்புறம் சொல்லு" என்ற மூன்று மட்டும்தான். அந்த அப்புறம் ஒரு நாளும் வரவில்லை. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நான் மரமாக நின்றபோது, அம்மா முதல் வரிசையில் தூங்கிவிட்டார். மரத்துக்கு வசனம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இன்னொரு வருடம் இப்படி என்றால் என்னால் முடியாது.

பள்ளி வேன் என்னைத் தினமும் நிலையத்து வாசலில் இறக்கிவிடும். அம்மா கிளம்பும்வரை நான் அவருடைய அறையில் வீட்டுப்பாடம் எழுதுவேன். கோழிகளுக்கு நோய் தொற்றிவிடும் என்று கொட்டகைக்குள் என்னை விட மாட்டார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று புதன்கிழமை. வீட்டுப்பாடம் முடிந்துவிட்டது. அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தார். பொழுது போகாமல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். கோழி எப்படி உருவானது என்று காட்டும் படம். ஒரு ஓரத்தில் காட்டுக்கோழி, மறு ஓரத்தில் நம் வெள்ளைக் கோழி.

"அம்மா, காட்டுக்கோழி எதுக்கு மரத்து மேல உக்காந்திருக்கு?"

"அங்கதான் தூங்கும். கீழ படுத்தா நரி தூக்கிட்டுப் போயிடும்ல." கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது.

"நம்ம கோழி?"

"அதுவும் அப்படித்தான். எத்தனை ஆயிரம் வருஷம் ஆனாலும் அந்தப் பயம் போகல. இருட்டினா உசரமா ஒரு இடம் தேடும்."

"இங்க ஏதும்மா நரி?"

"அது கோழிக்குத் தெரியாதே. அப்புறம் சொல்றேன் கண்ணு."

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முதல் கொட்டகையில் குறுக்கே போட்டிருந்த கட்டைகளின் மேல் கோழிகள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. கொடியில் காயும் துணிபோல ஓர் அசைவு இல்லை.

இரண்டாவது கொட்டகையிலோ ஒரே அமளி. ஒரு கோழி தீவனத் தட்டின் விளிம்பில் ஏறியது, தட்டு கவிழ்ந்தது. மூன்று கோழிகள் தண்ணீர்க் குழாயில் ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறின. ஒன்று இன்னொன்றின் முதுகிலேயே ஏறி நின்றது. கீழே இருந்தது சும்மா விடுமா? உதறித் தள்ளியது.

நான் மேலே பார்த்தேன். அங்கே கட்டைகளே இல்லை.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அந்தக் கொட்டகைக் கட்டையில மட்டும் செள்ளுப் பூச்சி இருந்துச்சு. இடுக்குல பூந்துக்கிட்டு கோழி ரத்தத்தை உறிஞ்சும். அதான் ரெண்டு வாரம் முன்னாடி கழட்டிட்டோம். புதுசு வரும்."

"எப்ப வரும்?"

"வரும். தலை வலிக்குது கண்ணு, உயிரை வாங்காத."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அம்மாவின் கால்களைப் பார்த்தேன். ஒன்றில் கறுப்புச் செருப்பு, மற்றதில் நீலச் செருப்பு. காலையிலிருந்து அப்படியே நடந்திருக்கிறார். பாவமாக இருந்தது. கத்த மனசு வரவில்லை.

அவர் கையைப் பிடித்தேன். "நீ ஒண்ணும் பேச வேணாம், யோசிக்கவும் வேணாம். ஜன்னல் வரைக்கும் வந்து நின்னா போதும்."

"அங்க சாஞ்சுக்கலாமா?"

"தாராளமா சாஞ்சுக்கோ."

அம்மா வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சாய்ந்தார். முதலில் அரைக்கண்ணால்தான் பார்த்தார். குழாயிலிருந்து ஒரு கோழி பொத்தென்று விழுந்தது. எழுந்து மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது. அம்மாவின் கண்கள் முழுசாகத் திறந்தன.

"இந்த நேரத்துல நாங்க யாருமே வந்து பாக்கலையே," என்றார். "தீவனம் ஒண்ணுதான் வேற, மத்ததெல்லாம் ஒரே மாதிரின்னு நெனச்சேன். கட்டையைக் கழட்டச் சொன்னதே நான்தான். அதையும் சேத்து யோசிக்கணும்னு தோணல எனக்கு." கண்ணாடியை இன்னும் நெருங்கி நின்றார். "ராத்திரி பூரா முழிச்சிட்டு இருந்திருக்குங்க, பாவம்."

"விடும்மா. இப்ப அதுங்க தூங்கணும், அவ்வளவுதான?"

சுற்றுமுற்றும் பார்த்தேன். பல்பு மாற்றுகிற நீள ஏணி சுவரில் சாய்ந்திருந்தது.

"அம்மா, ஏணியைப் படுக்க வச்சா என்ன?"

அம்மா ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இரும்புதான். செள்ளு பூந்துக்க இடுக்கும் இல்ல," என்று முணுமுணுத்தார். உடனே மருந்து தெளித்து ஏணியைத் துடைத்தார். மேலங்கியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு உள்ளே இழுத்துப்போய், கவிழ்த்த இரண்டு பீப்பாய்களின் மேல் குறுக்கே வைத்தார்.

கோழிகள் ஏணியைச் சந்தேகமாகப் பார்த்தன. கோணல் கொண்டை வைத்த ஒன்று மட்டும் தாவி ஏறியது. இப்படியும் அப்படியும் நகர்ந்து இடம் பிடித்தது. அடுத்தது ஏறியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. சத்தம் அடங்கியது. அன்றைக்கு நாங்களும் சீக்கிரமே வீட்டுக்குப் போய்ப் படுத்தோம்.

வெள்ளிக்கிழமை மாலை பெரிய சார் வந்தபோது தீவனத் தட்டுகள் காலியாக இருந்தன. இரண்டு கோழிகள் சுறுசுறுப்பாகச் சண்டை போட்டன. முட்டையும் கொஞ்சம் கூடியிருந்தது. அம்மா எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார்.

"அப்போ கட்டை இல்லாத நாளோட கணக்கு செல்லாதும்மா."

"தெரியும் சார்."

"ஆனா நிறுத்த வேணாம். ரெண்டு கொட்டகைக்கும் ஒரே மாதிரி ஏணி போடுங்க. இன்னும் ஒரு மாசம் பாத்துட்டு முடிச்சிடலாம்."

ஒரு மாதம்தான். ஒரு வருடம் இல்லை. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"உனக்கு எப்படிப் பாப்பா தெரிஞ்சுது?" என்று பெரிய சார் கேட்டார்.

"தூக்கம் இல்லாதவங்க எப்படி இருப்பாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும் சார்."

அம்மா பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் தரையைப் பார்த்தார்.

"நாளைக்கு நீங்க வர வேணாம்மா," என்றார் அவர் கடைசியில். "கோழிங்களை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அம்மா எழுந்தபோது வெயில் படுக்கை வரைக்கும் வந்துவிட்டது. எழுந்தவர் வேறெங்கும் போகவில்லை, என் பக்கத்திலேயே வந்து படுத்துக்கொண்டார். அன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.