பதில் சொல்லாத பாலக்கரை சர்வர்

ரெஜிஸ் வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டான். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டான். கம்ப்யூட்டர் சம்பந்தமான திருட்டோ மோசடியோ, எதுவானாலும் திருச்சிக்காரர்கள் தேடி வருவது திருவானைக்காவலில் இருக்கும் அம்ருதாவிடம்தான். அவன் பேசும்வரை அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள்.

“சாயங்காலத்துக்குள்ள நான் ஒத்துக்கணும்ங்கறார் எங்க ஓனர், மேடம். இல்லைன்னா, லேபை நான்தான் கெடுத்தேன்னு லேப் ஓனர்ஸ் வாட்ஸப் க்ரூப்புல போட்டுடுவாராம். அப்புறம் இந்த ஊர்ல எனக்கு யாரு வேலை கொடுப்பாங்க?”

வெங்கட்ராகவனின் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது ரெஜிஸின் வேலை. தலைமை லேப் ஸ்ரீரங்கத்தில். பாலக்கரைக் கிளையை பெனடிக்ட் என்பவரிடமிருந்து வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாலக்கரையில் ரத்தம் எடுப்பார்கள், ஸ்ரீரங்கத்தில் சோதிப்பார்கள், முடிவு அங்கிருக்கும் சர்வரிலிருந்து பாலக்கரை சர்வருக்கு வந்து சேரும். பூஜை விடுமுறையில் ரெஜிஸ் மனைவி ஆன்சியோடு வேளாங்கண்ணி போனான். திரும்பி வந்து பார்த்தால், இரண்டு சர்வருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பாஸ்வேர்ட் தெரிந்தவன் அவன் ஒருவன், அந்த நேரம் பார்த்து ஊரில் இல்லாதவனும் அவன். பழி போட இது போதாதா?

“பாஸ்வேர்டை எழுதி வாங்கிட்டார். மெஷின் பக்கத்துல விடவே மாட்டேங்கறார். கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பார்த்துட்டு வரேன் மேடம்.”

“எலி கேபிளைக் கடிச்சிருக்கும் அக்கா!” என்றாள் அம்ருதாவின் உதவியாளர் தஸ்லிமா. கேள்வி முடிவதற்குள் பதிலோடு நிற்கும் ரகம் அவள்.

“நீ ஸ்ரீரங்கம் போய் எலியைப் பாரு. நாங்க பாலக்கரை போறோம்” என்று அம்ருதா எழுந்தாள்.

பாலக்கரைக் கிளையில் கூட்டம் நெருக்கியது. “பிள்ளைக்கு டெங்குவா இல்லையான்னு இன்னும் சொல்ல மாட்டேங்கறீங்களே” என்று ஓர் அம்மா கவுண்டரில் இருந்த ரோசரியிடம் அழுதுகொண்டிருந்தாள். வெங்கட்ராகவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“லீவுல இந்த மெஷினை யாராவது ஏதாவது பண்ணினாங்களா சார்?”

“ஒருத்தரும் ஒண்ணும் பண்ணலை. பெருமாள் மேல ஆணையா சொல்றேன். பண்ணினவன் வெளிய நிக்கறான்.”

ரெஜிஸ் வழக்கம்போல் கண்ணாடிக்கு வெளியே நின்றான். நாற்காலி, பிரிண்டர், சர்வர் என்று உள்ளே எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. சர்வர் தலையில் ஒரு பூச்சரம் காய்ந்து கிடந்தது. எல்லா ஆபீஸிலும் இருப்பதுதானே என்று அவன் அதை இரண்டாம் முறை பார்க்கவில்லை. அம்ருதா பார்த்தாள். வெங்கட்ராகவனிடம் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு சர்வர் முன்னால் உட்கார்ந்தாள்.

தஸ்லிமா போனில் வந்தாள். “ஸ்ரீரங்கம் சர்வர்லேர்ந்து சோதனைக்கு ஒரு சேதி அனுப்பிட்டேன் அக்கா! வந்துச்சா?”

“வந்துடுச்சு.”

“இங்க பதில் வரலையே!”

“அப்போ கேபிள் நல்லாத்தான் இருக்கு. எலியை விட்டுடு.”

சர்வரில் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவையும், சேமித்த செட்டிங்ஸையும் அம்ருதா திரையில் படித்தாள். பிறகு ரோசரியைக் கூப்பிட்டாள். ரெஜிஸையும் உள்ளே வரச் சொன்னாள்.

“ரோசரி, பெனடிக்ட் சார் ஆயுத பூஜை கொண்டாடுவாரா?”

“வாசக்கதவுக்கு மாலை போட்டு எங்களுக்குப் பொரி கொடுப்பாருங்க. மெஷினை நிறுத்தினதே இல்ல.”

“இந்த வருஷம்?”

“இதென்ன கேள்வி?” என்றார் வெங்கட்ராகவன். “பூஜையன்னிக்கு ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்கணுமோல்லியோ? நானே என் கையால ஸ்விட்சை அணைச்சு, சந்தனம் இட்டு, மறுநாள் நல்ல நேரம் பார்த்து ஆன் பண்ணினேன். அது பூஜைம்மா!”

“அதுதான் சார் நடந்தது. ஸ்ரீரங்கம் சர்வர் ஒரு நெட்வொர்க்குல இருக்கு, இது வேற ஒண்ணுல. அங்கேர்ந்து வர்றதுக்கு எந்தப் பக்கமா பதில் அனுப்பணும்னு இதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கணும். முக்கொம்புல ஆத்துத் தண்ணியைப் பிரிச்சு விடற ஷட்டர் மாதிரி. இப்போ அந்த வழி இதுக்குத் தெரியலை. காவேரிக்குப் போக வேண்டியது கொள்ளிடத்துல போய் கடல்ல கலக்குது. பதில் கிடைக்காம ஸ்ரீரங்கம் சர்வர் முடிவை அனுப்பாது.”

“அதைத்தானே இவன் அழிச்சான்?”

“அழிக்கணும்னா உள்ள நுழையணும். லீவுல யாரும் நுழையலை. சேமிச்சு வச்ச செட்டிங்ஸ்லயும் அந்த வழி என்னிக்குமே இருந்ததில்லை. கிளை கைமாறினப்போ பெனடிக்டோட கம்ப்யூட்டர் ஆள் ஓடற மெஷின்ல அதைச் சொல்லிட்டு, நிரந்தரமா எழுதாம போயிட்டார். நிறுத்தாத வரைக்கும் மெஷினுக்கு ஞாபகம் இருந்தது.”

“ஸ்ரீரங்கத்துல வருஷா வருஷம் நிறுத்தறேனே! ஒண்ணும் ஆகலையே?”

“அங்க எழுதினவர் ரெஜிஸ். ஒழுங்கா சேமிச்சு வச்சிருக்கார்.”

வெங்கட்ராகவன் சர்வர் தலையில் கிடந்த பூச்சரத்தை எடுத்தார். அம்ருதா ஒரே ஒரு வரியைத் தட்டி அதைச் சேமித்தாள். சற்று நேரத்தில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. ரோசரி முதல் தாளை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் ஓடினாள். ரெஜிஸுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. 

“ரெஜிஸ்” என்றார் வெங்கட்ராகவன்.  “சாயங்காலம்னு சொன்னேன். ஆனா கோவத்துல காலமேயே க்ரூப்புல போட்டுட்டேம்ப்பா. உன் போட்டோவோட.”

அவர் அந்தச் செய்தியை நீக்கினார். க்ரூப்பில் அது நீங்கியது. அதற்குள் அங்கிருந்து எத்தனை பேர் எத்தனை இடத்துக்கு அனுப்பினார்களோ, யாருக்குத் தெரியும்? மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தியும் போட்டார். அதை யாரும் யாருக்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

ரெஜிஸின் போன் அடித்தது. ஆன்சி.

“என்னங்க, தஞ்சாவூர்லேர்ந்து அண்ணன் அனுப்பியிருக்கு. உங்க போட்டோ போட்டு என்னென்னமோ எழுதியிருக்கே! என்ன பண்ணினீங்க?”

அவன் போனை மார்போடு அணைத்தபடி அம்ருதாவைப் பார்த்தான்.

“மேடம், இதுக்கும் ஒரு வரி இருக்கா?”

அம்ருதா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.  பிரிண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.