முப்பத்தாறாவது கட்டம்

தம்பியின் அறையைக் காலி செய்ய அக்கா வந்தபோது மத்தியானம் மூன்று மணி. மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த வாடை முகத்தில் அடித்தது. மேசைமேல் அவர்களுடைய விளையாட்டு பாதியில் நின்றிருந்தது.

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பிக்குக் கதைப் பைத்தியம். மந்திரப் பாய் கட்டிய கப்பல்களில் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிற மாதிரி, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பேசி ஆடும் விளையாட்டு ஒன்றை இருவரும் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வான்வரைபடம் புதிதாக அமைய வேண்டும். முப்பத்தாறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒருமுறை இரண்டு பகடைகளை உருட்டி, வரும் எண்ணைப் பட்டியலில் பார்த்தால் அங்கே இருப்பது சூரியனா, தூசிமேகமா, வெற்றுவெளியா என்று தெரிந்துவிடும். கதை அவனுடையது, எண்கள் அவளுடையவை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் ஃபோனில் கேட்டான். "சாயங்காலம் வரியாக்கா?"

"வரேன்டா."

விடைத்தாள் திருத்தி முடிக்க நேரமாகிவிட்டது. அவள் போனபோது கட்டில் காலியாக இருந்தது. கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று நர்ஸ் சொன்னாள்.

மூட்டை கட்டுமுன் ஒருமுறை ஆடிப் பார்க்கத் தோன்றியது. பகடையை உருட்டினாள். ஏழு. வெற்றுவெளி.

மறுபடியும் ஏழு.

முப்பத்தைந்து கட்டங்களுக்கும் ஏழுதான் விழுந்தது. இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

கடைசிக் கட்டத்துக்கு இரண்டு விழுந்தது. பட்டியலைப் பார்த்தாள். தம்பியின் கையெழுத்து.

'கப்பல். உள்ளே ஒருவர். காத்திருக்கிறார்.'

புத்தகத்துக்குப் படம் வரையும் நண்பரிடம் பட்டியலின் நகல் இருந்தது. அவரை அழைத்தாள்.

"ரெண்டு விழுந்தா என்னங்க?"

"இறந்த சூரியன். நீங்கதானே டீச்சர் எழுதினீங்க?"

ஃபோனை வைத்தாள். புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து உருட்டினாள். அதே வரைபடம்.

அறையில் மருந்து நெடி ஏறியது.

தம்பியின் கட்டில் பக்கமிருந்து ஒரு சத்தம். ஆக்ஸிஜன் குடுவையில் நீர் கொப்பளிக்கும் சத்தம். நடுவே, இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடுபவரின் கப்பல் காயை எடுத்தாள். கட்டம் கட்டமாக அந்த வெறுமை முழுவதையும் கடந்து கொண்டுபோய், முப்பத்தாறாவது கட்டத்தில் வைத்தாள்.

"வந்துட்டேன்டா," என்றாள் கிசுகிசுப்பாக. "லேட்டாயிடுச்சு."

மூச்சு நின்றது.

அவள் அழுது முடிக்கும்போது வெளிச்சம் மங்கியிருந்தது.

புத்தகத்தில் இரண்டாம் எண்ணுக்கு இறந்த சூரியன் என்றே அச்சானது. நான்கு மாதம் கழித்து, புத்தகத்தை வாங்கிய ஒரு பெண்மணி அதிலிருந்த அக்காவின் ஃபோன் எண்ணுக்கு அழைத்தார்.

"எங்க ஆட்டத்துல கடைசிக் கட்டத்துல ஒரு கப்பல் வந்துட்டே இருக்குங்க. புத்தகத்துல அப்படி எதுவும் இல்ல."

அக்கா ஃபோனைக் காதோடு நெருக்கிப் பிடித்தாள்.

"கதை சொல்றது என் வீட்டுக்காரர்தான். அந்தக் கப்பல்ல என்ன இருக்குன்னு கேட்டா, ஒருத்தர் நிம்மதியா தூங்குறார்ங்கறார்." அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல யாரோ ஒரு அம்மா அவர் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காங்களாம். அவங்க குரல்ல பேசிக் காட்டினார். இப்ப நீங்க ஹலோன்னு சொன்னீங்களே, அதே குரல்."