மருத வேரில் ஒரு முடிச்சு

காலை 7.40.

பெரிய சிவப்பு றப்பர் படகைக் காணவில்லை.

நேற்று மாலை இரண்டு படகு கட்டியிருந்த துறையில் இப்போது சின்னது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சம்மாந்துறைக்கு அப்பால், வீரமுனை வயல்களை ஒட்டி ஓடுகிற ஆறு. கல்முனை, காரைதீவு, நிந்தவூர்ப் பக்கமிருந்து வந்த முப்பத்தினாலு பேர், பிள்ளைகளும் பெற்றோருமாய், உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கரையில் நின்றார்கள். மண் அள்ளி அள்ளி இடிந்துபோன கரையில் ஆளுக்கொரு மருதங்கன்று நடுவது, பிறகு படகில் ஏறி இரண்டு மைல் மிதந்து போவது. இதுதான் திட்டம். குடும்பத்துக்கு ஒரு நாள், ஆற்றுக்கு ஒரு மரம் என்று பேனர் சொன்னது. கச்சான் காற்று விடியவே தொடங்கிவிட்டதால் பேனர் அலுத்துப்போய் ஒரு பக்கமாய்த் தொங்கியது.

தர்சினி மரத்தடியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பொலிஸ் சப் இன்ஸ்பெக்டர். பதினான்கு நாள் தொடர்ந்து கடமை செய்து கிடைத்த ஒரே லீவு நாள் இது. தூங்கத்தான் நினைத்திருந்தாள், ஒன்பது வயது மகள் சிவரூபினி விடவில்லை. தான் பொலிஸ் என்பது இங்கே யாருக்கும் தெரியாது என்பதே அவளுக்குப் பாதி ஓய்வாக இருந்தது.

7.50. மோட்டார் சைக்கிளில் ஹஸன் வந்து இறங்கினார். கல்முனை பஸாரில் துணிக்கடை வைத்திருப்பவர். இந்த ஆற்றைக் காக்கவென்று அமைப்பு தொடங்கி, இந்தப் பயணத்தையும் ஏற்பாடு செய்தவர்.

"இப்பதான் கல்முனையிலருந்து வாறன்," என்றார் ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டே. துறையைப் பார்த்தார். தலையில் கைவைத்தார். "ராவோட ராவாக் கொண்டு போயிட்டானுகள்! காவலுக்கு இருந்தது ஆரு? றாஸிக்தானே?"

எல்லாருடைய பார்வையும் றாஸிக் பக்கம் திரும்பியது. படகு ஓட்டுகிறவர் அவர். மூன்று வருடங்களுக்கு முன் இதே ஆற்றில் மண் அள்ளிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது ஹஸன்தான்.

"மண் கள்ளன்ட கையில படகக் குடுத்தா வேற என்ன நடக்கும்?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி, நன்றாகக் கேட்கும்படி. றாஸிக்கின் மகள் அம்ஹாவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். முதல் தடவையாகப் பயணத்துக்கு வந்திருந்தாள்.

ஹஸன் கையை உயர்த்தினார். "பொலிஸுக்கெல்லாம் போக வேணாம். ஆள இண்டையோட வேலையால நிப்பாட்டினாச் சரி. பயணத்த இன்னொரு நாளைக்கு வெப்பம்."

தர்சினி கண்ணைத் திறந்தாள். படகைப் பறிகொடுத்தவர் பொலிஸ் வேண்டாம் என்கிறார். ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து, தான் யாரென்று சொன்னாள். லீவு நாளில் அதைச் சொல்ல அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

8.05. றாஸிக்கைத் தனியே கூட்டிப் போனாள்.

"படகைக் கடைசியா எப்ப கண்டீங்க?"

"சுபஹ் தொழுதுட்டு வந்து, அஞ்சேகாலுக்கு. ரெண்டும் இருந்திச்சு."

"மறுகா?"

"ஆறு மணிக்கு ஹஸன் நானா போன் எடுத்தாரு. சம்மாந்துறைக் கடையில இடியப்பப் பார்சல் எடுத்து வரச் சொன்னாரு. போனன். கட்டி முடியல்ல. நிண்டு எடுத்துக்கிட்டு ஏழரைக்கு வந்தா ஒண்டக் காணல்ல."

"அஞ்சேகாலுக்கு ரெண்டும் இருந்ததுக்குச் சாட்சி?"

"அல்லாஹ்தான்." அவர் தூரத்தில் நின்ற மகளைப் பார்த்தார். "மெடம், இந்தப் பேரோட போனா எனக்கு ஆரு வேலை தருவான்? திரும்பவும் களவா மண் அள்ளத்தான் போகணும். அந்தப் புள்ள என்ட முகத்தப் பாக்குதில்ல."

தர்சினி பார்சல் பையிலிருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தாள்.

"ஓம், றாஸிக் இஞ்சதான் நிண்டாரு," என்றார் கடைக்காரர். "ஆறு இருபதுக்கு வந்தவரு, ஏழு இருபதுக்குத்தான் போனாரு. எங்கட ஆட்டோவில அனுப்புறதாத்தான் இருந்தம். விடிய ஹஸன் நானா ஆள் வருவாரெண்டு செல்லிட்டாரு."

8.40. கரையோரமாய் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். வீரமுனை விவசாயி அழகரெத்தினம். இரவெல்லாம் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறார். யாரும் கேட்காமலே புலம்பத் தொடங்கினார்.

"ராவு முழுக்க ஆறு நிரம்பி ஓடினது. மூண்டு மணிக்கு மேல அணைக்கதவப் பூட்டிட்டானுகள். ஆறரைக்கெல்லாம் ரெண்டடி இறங்கிட்டு. என்ட வயல் பாதிதான் நனைஞ்சு கிடக்கு." கூட்டத்தைப் பார்த்தார். "என்ன, செவப்புப் படகா தேடுறீங்க? அந்தா, வளைவுக்கு அங்கால தாழம் பத்தைக்குள்ள கிடக்கே."

எல்லாரும் ஓடினார்கள். தர்சினி நடந்து போனாள்.

தாழம் பற்றையின் நிழலில் படகு அமைதியாக மிதந்தது. ஒரு கீறல்கூட இல்லை. வெயில் படாதபடி மேலே இலைக் குழை வெட்டிப் போட்டிருந்தது. துடுப்புகள் உள்ளே அடுக்கியிருந்தன. கயிறு ஒரு மருத மரத்தின் வேரில் கட்டியிருந்தது. வேர் வழவழவென்று பாசி படிந்திருந்தது. அதற்கு ஒரு முழம் மேலே, மரத்தில் சேற்றுக் கோடு இன்னும் காயாமல் இருந்தது. கயிறு மட்டும் புதிதாய், வெள்ளையாய் இருந்தது.

"பாத்தீங்களா? ராவு கொண்டுவந்து ஒளிச்சு வெச்சிருக்கான்," என்றார் ஹஸன்.

தர்சினி குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தண்ணீருக்குள் கையை விட்டு, படகின் ஒட்டு வழியே தடவிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களைத் துறைக்குப் போகச் சொல்லிவிட்டு ஹஸன், றாஸிக், அழகரெத்தினம் மூன்று பேரை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

9.15.

"ஹஸன் நானா, படகை ஒளிச்சது நீங்கதான்."

"என்ன கதை கதைக்கிறீங்க?"

"ராவு இந்த வேர் தண்ணிக்குள்ள கிடந்தது. ஆறரைக்குத்தான் வெளிய வந்திருக்கு. ராவு கட்டியிருந்தா முடிச்சில சேறு படிஞ்சிருக்கும். கயித்தைப் பாருங்க, வெள்ளையாக் கிடக்கு. ஆறரைக்குப் பிறகு கட்டினது. அந்த நேரம் றாஸிக் சம்மாந்துறைக் கடையில."

"அப்ப வேற ஆரும் கட்டியிருப்பான்."

தர்சினி விவசாயியைப் பார்த்தாள். "அண்ணன், நீங்க படகு கட்டினா இந்த வேரில கட்டுவீங்களா?"

"எனக்கென்ன விசரா?" என்றார் அழகரெத்தினம். "பின்னேரம் திரும்பத் தண்ணி விடுவானுகள். முடிச்சு உள்ளுக்குப் போகும், படகு மூக்குக் குத்தும். மேல கிளையிலதான் கட்டுவன்."

"வயல்காரன் இதில கட்டமாட்டான். மண் அள்ளினவனும் கட்டமாட்டான். வேர் எப்பவும் வெளியிலதான் கிடக்குமெண்டு நினைக்கிற டவுன் ஆள்தான் கட்டுவார். களவெடுக்க வந்தவன் வெயில் படாமக் குழை போடவும் மாட்டான். கடைக்காரர் ஆட்டோவில அனுப்ப இருந்த பார்சலுக்கு றாஸிக்கை அனுப்பினது நீங்க. துறையில ஆளில்லெண்டு தெரிஞ்சதும் உங்களுக்கு மட்டுந்தான்."

ஹஸன் ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வியாழக்கிழமையே ஒட்டு விட்டுட்டு," என்றார் கடைசியில். "ரெண்டு தரம் ஒட்டினன். நிக்குதில்ல. புள்ளைகள ஏத்தப் பயம். ஏலாதெண்டு செல்லவும் பயம். பத்து மணிக்கு அரசாங்கக் கந்தோர் ஆக்கள் பாக்க வாறாங்க. ஒரு படகக்கூட ஒழுங்கா வெச்சிருக்கத் தெரியாதவனுகளெண்டு இந்தக் கரைய எங்கட கையிலருந்து எடுத்துட்டா, மறுகா மண் அள்ளத்தான் குடுப்பாங்க. களவு போனதெண்டா ஒரு இரக்கம் வருமெண்டு நினைச்சன். மூணு வருசமா இதையே தூக்கிக்கிட்டுத் திரியிறன் தங்கச்சி. ஏலாமப் போச்சு."

"றாஸிக்ட பேர ஏன் இழுத்தீங்க?"

"வாயில வந்திட்டு."

தர்சினிக்குக் கோபம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. கெட்ட மனிதர் என்றால் பிடித்துக்கொண்டு போய்விடலாம். இவர் களைத்துப்போன மனிதர். தன் பாரத்தைக் கைக்கு எட்டிய ஏழையின் தலையில் இறக்கி வைத்துவிட்டார். இப்படிப்பட்டவர்களையே தன் வேலையில் அதிகம் பார்த்துவிட்டாள்.

ஹஸன் எழுந்து றாஸிக்கின் முன் போய் இரண்டு கையையும் நீட்டினார். "மாப்புத் தாங்க தம்பி."

றாஸிக் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"தாறன் நானா. இந்தப் பத்தைக்குள்ள வெச்சு ஏலா. என்ட பேர நீங்க செல்லக்கொள்ள முப்பத்தினாலு பேர் கேட்டாங்க. அதுல என்ட மகளும் ஒரு ஆள்."

9.40. துறையில் இடியப்பப் பார்சல்கள் கைமாறிக்கொண்டிருந்தன. ஹஸன் பேனருக்கு முன்னால் போய் நின்றார். றாஸிக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் இன்னும் தகப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"படக ஒளிச்சது நான்," என்றார் ஹஸன், தலையைக் குனிந்தபடி. "அது ஒழுகுது. றாஸிக் ஒரு பிழையும் செய்யல்ல."

கச்சான் காற்று பாதிச் சொல்லைக் கொண்டு போய்விட்டது. முன்வரிசையில் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண் கள்ளன் என்று சொன்ன பெண் சம்பல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நானா," என்றார் றாஸிக், "பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல."

ஹஸன் தலையை நிமிர்த்தினார். திரும்பவும், உரத்துச் சொன்னார்.