ரெங்கசாமிக்குப் பின்னால் இருந்த சுவர்

படத்தின்மேல் கோப்பியைக் கொட்டியது வாசுதான். பழியைத் தூக்கிப் போட அந்தக் கடையில் ஒரு பூனைகூடக் கிடையாது. தொண்ணூற்றாறில் கிள்ளானில் அவன் நடத்திய ஸ்டூடியோவுக்கு, பண்டமாரானிலிருந்து தங்கமணி அக்கா கொண்டுவந்து கொடுத்த படம் அது. துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோன அவள் புருஷன் ரெங்கசாமியின் ஒரே படம். நாளைக் காலை கருமாதி. மாலை போட வேறு முகம் இல்லை.

நல்லவேளை, கொட்டுவதற்கு முன்பே படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். வாழ்க்கையில் அவன் முன்யோசனையோடு செய்த ஒரே காரியம்.

படம் ஒரே மங்கல். கறுப்புமில்லாத வெள்ளையுமில்லாத நடுச் சாம்பலில் எல்லாம் கரைந்து கிடந்தது. அந்த மிட்டோனுக்கு மட்டும் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினான். ரெங்கசாமியின் மூக்கு மெல்ல எழுந்தது.

பின்னால் சுவரில் இன்னொரு மூக்கும் எழுந்தது.

பூஞ்சைக் கறை என்று நினைத்து ஷார்ப் செய்தான்.

கறைக்கு இமைகள் வந்தன. ஒரு பெண்ணின் முகம்.

அசலைப் பார்த்துத் தெளியலாமென்றால், அது கோப்பியில் ஊறி வழவழவென்று கிடந்தது. சுவரின் சாம்பல் நிறத்தை எடுத்து அவள்மேல் பூசினான். மறுபடி கான்ட்ராஸ்ட். மறுபடி அவள். மூன்று மணி நேரம், பதினோரு தடவை. கெஞ்சிக் கூத்தாடியும் ரெங்கசாமி மங்கலாகவே இருந்தார். அழிக்க அழிக்க அவள்தான் பாஸ்போர்ட் படம் மாதிரி பளிச்சென்று வந்தாள். வெளியே பட்டப்பகல், லோரி இரைச்சல். உள்ளே காகிதம் தீயும் வாடை. வாசு இரண்டு முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தான்.

பிளக் குளிர்ந்திருந்தது.

தங்கமணி வீட்டுக்குப் போன் போட்டு, சுவரில் இருப்பது யாரென்று கேட்டான். அவள் மகள் ரமணி நாளைய சாப்பாட்டைப் பற்றியே பேசினாள். ரெங்கசாமியின் தம்பி சின்னையா, "வெறும் செவுரு தானே பாஸ், கட் பண்ணிடு லா," என்று வைத்துவிட்டார்.

நாலு மணிக்குத் தங்கமணியே வந்தாள். வாசு முதலில் கோப்பிக் கதையைச் சொல்லித் தலைகுனிந்தான். அது அவள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா இது? கேட்டா எல்லாரும் நழுவுறாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இராஜம்மா. அவரோட மொத சம்சாரம். இந்தப் படம் எடுக்குறதுக்கு நாலு வருசம் முன்னாலயே செத்துட்டா. வீட்டுல இருந்த அவ படத்தையெல்லாம் நான்தான் அடுப்புல போட்டேன் தம்பி. ஒண்ணு விடல." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அழிக்காத. ரெண்டு பேரையும் சேத்தே அடிச்சுக் குடு."

மௌஸிலிருந்து வாசு கையை எடுத்து வெகுநேரமாகியிருந்தது.

அந்த முகம் இன்னும் தெளிந்துகொண்டே வந்தது.