மெயின் ஆஃப் பண்ணியாச்சா சார்?

போன் அடித்தது.

பிற்பகல் இரண்டு மணி. தெருவில் கரண்ட் போய் முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாடி அறையில் படுத்திருந்த பேட்டரி சார் தலைமாட்டில் கிடந்த போனை எடுத்தார். திரையில் வந்த பெயரைப் பார்த்தார்.



'லைன்மேன் தம்பி.'

லைன்மேன் தம்பி கம்பத்திலிருந்து விழுந்து செத்து... இன்றோடு ஐம்பத்து மூன்று நாள்!

"ஏங்க! போன் அடிக்குது, காதுல விழலையா?" கீழே சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"ராங் நம்பர்!"

"எடுக்காமலே ராங் நம்பர்னு எப்படித் தெரியும்? ஜோசியமா?"

மணி நின்றது. அவர் போனைச் சட்டைப்பைக்குள் திணித்தார். எழுந்தார். ஓடினார்! பதினான்கு படிகளையும் தடதடவென்று இறங்கி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

டக்!

நின்று மூச்சு வாங்கினார்.

"அறுபத்திரண்டு வயசுல இது என்ன ஓட்டம்?" மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மாசமா கரண்ட் போனா போதும், வால்ல தீ வெச்ச மாதிரி வரீங்க. இடுப்பு ஒடிஞ்சா நான்தான் தூக்கணும்."

"பாதுகாப்பு முக்கியம்."

"சரி, மிக்ஸி போடலாமா?"

"வேணாம். லோடு ஏறிடும்."

"அதான் அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கே?"

"பேட்டரி ரிசர்வ எழுபது பர்சென்ட்ல வெச்சிருக்கேன். அதுக்குக் கீழே இறங்க விட மாட்டேன். கரண்ட் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"உங்க பேட்டரி எத்தனை பர்சென்ட்னு நாளைக்கு இருபது தடவை போன்ல பாக்கறீங்க. என் பிரஷர் எத்தனைன்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

அவர் மெயின் சுவிட்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

அந்தத் தெருவில் ஆறு வீட்டுக் கூரைகளில் சோலார் பலகைகள். ஆறு வீட்டுக்கும் ஆலோசகர் அவர்தான். பகலில் வெயில் முதலில், அப்புறம் பேட்டரி, கடைசியில்தான் லைன் கரண்ட்... மழை நாளில் ரிசர்வை ஏற்று... மின்தடையின்போது ஃப்ரிட்ஜ், லைட், மின்விசிறி தவிர எதையும் தொடாதே... கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். பேட்டரி சார் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

"அந்தப் பையன் இருந்தா இந்நேரம் கம்பத்துல ஏறியிருப்பான்," என்றாள் மனைவி. "பத்து நிமிஷத்துல கரண்ட் வந்திருக்கும். எந்தப் பாவி வீட்டு ரிட்டர்ன் கரண்டோ, அவனக் கொண்டு போயிடுச்சு. அந்தப் பாவி கை வெளங்காமப் போக!"

"சாபம் விடாதே!"

"உங்களையா சொன்னேன்? நீங்க ஏன் இப்படிப் பதர்றீங்க?"

"வாயை மூடுடி!"

மனைவி திகைத்துப் போய்ப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவர் 'டி' போட்டுப் பேசியதே இல்லை.

மறுபடியும் போன்!

சட்டைப்பைக்குள் அது துடித்தது. அவர் படியேறி ஓடினார். மாடி அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார்.

அவன் செத்த பிறகு இது மூன்றாவது மின்தடை. முதல் தடவை எடுத்தார். குரலைக் கேட்டதும் போனைக் கீழே போட்டுவிட்டார். இரண்டாம் தடவை தலையணைக்கு அடியில் அமுக்கி, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். மின்தடை முடியும்வரை அடித்துக்கொண்டே இருந்தது...

இன்றும் விடப் போவதில்லை.

பச்சையைத் தொட்டார்.

காற்றின் இரைச்சல். காக்கை ஒன்று கத்தியது. இரும்பில் இரும்பு உரசும் சத்தம். பிறகு...

"சார், லைன்மேன் பேசறேன். கம்பத்துல ஏறப் போறேன். மெயின் ஆஃப் பண்ணியாச்சா சார்?"

அவன்தான்! அதே கரகரப்பு. அதே மரியாதை.

அது அவன் வழக்கம். கரண்ட் போனால், ஏறுவதற்கு முன் சோலார் வைத்த ஆறு வீட்டுக்கும் போன் போடுவான். எந்த வீட்டு இன்வெர்ட்டராவது தவறிப் போய்க் கரண்டை லைனுக்குள் திருப்பித் தள்ளினால், கம்பத்தில் இருப்பவன் கதி அதோகதி. அந்தத் தொழிலில் அதற்குப் பெயர் ரிட்டர்ன்.

ஐம்பத்து மூன்று நாளைக்கு முன்பும் கேட்டான். மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்த மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது. பேட்டரி சார் இதே கட்டிலில் படுத்திருந்தார்.

"ஆஃப் பண்ணிட்டேன்பா, ஏறு," என்றார்.

பண்ணவில்லை!

படி இறங்க அலுப்பு. ஒரு சின்ன, சாதாரண, மத்தியான அலுப்பு...

அதோடு விட்டாரா? ஏ.சி.க்கு இன்வெர்ட்டர் இணைப்பு கிடையாது. அதற்கென்று அவரே ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர். ஒரு தலையை இன்வெர்ட்டரில் செருகி, மறு தலையைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் வீடு முழுக்கக் கரண்ட் ஓடும். மெயின் ஆஃப் ஆகாமல் இருந்தால்... வீட்டைத் தாண்டித் தெருவுக்கும் ஓடும்.

செருகினார்.

இன்வெர்ட்டர் வீறிட்டது. 'ஓவர்லோடு!' நான்கே விநாடி. தானாகவே அணைந்துவிட்டது.

"சனியன்," என்று முணுமுணுத்துவிட்டு ஒயரைப் பிடுங்கினார்.

அப்போதுதான் தெருவில் அந்த அலறல் கேட்டது...

ஒயரைத் துண்டு துண்டாக வெட்டி எறிந்தார். இன்வெர்ட்டரின் செட்டிங் மொத்தத்தையும் அழித்து, புதுப் பெட்டி போல் ஆக்கினார். விசாரணை வந்தது. ஆறு வீட்டாரும் 'ஆஃப் பண்ணிட்டோம்' என்றார்கள். விசாரணை போனது.

"மெயின் ஆஃப் பண்ணியாச்சா சார்?"

போனில் மறுபடியும் அதே குரல். அதே காற்று. அதே காக்கை.

அவர் உடைந்தார்.

"பண்ணிட்டேன் தம்பி! இந்தத் தடவை நிஜமாவே பண்ணிட்டேன்! நானே இறங்கிப் போய் இழுத்தேன்... அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்பா... படி இறங்க சோம்பல்... நீ சாவேன்னு நெனைக்கல... என்னை விட்டுடு! கும்பிடறேன், விட்டுடு தம்பி!"

காற்று நின்றது.

காக்கை நின்றது.

இப்போது வந்தது ஒரு பெண்ணின் குரல். மெதுவாக... மிக மெதுவாக...

"கீழே வாங்க சார். வாசல்லதான் நிக்கறோம்."

அவர் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. வாசலில் காக்கி உடுப்பில் பெண் இன்ஸ்பெக்டர். அவள் பக்கத்தில் ஒடிசலாக ஓர் இளம்பெண், கையில் தேய்ந்துபோன ஒரு போன்.

"யாரும்மா நீ?" என்றாள் மனைவி.

"லைன்மேன் சம்சாரம்மா." அந்தப் பெண் பேட்டரி சாரையே பார்த்தாள். "அவர் போன்ல எல்லாப் பேச்சும் தானா பதிவாகும் சார். நாளைக்கு எவனும் 'என்கிட்ட கேக்கலையே'ன்னு சொல்லிடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருந்தாரு. ஆறு வீட்டுக்காரங்களும் 'ஆஃப் பண்ணிட்டேன்'னு சொன்னது இதுல இருக்கு. அதுல எது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் கரண்ட் போறப்பல்லாம் ஆறு வீட்டுக்கும் அவர் குரலையே போட்டுக் காட்டினேன்."

"இது... இது ஏமாத்து வேலை!"

"டாக்டர் அழுதாரு. முக்கு வீட்டுக்காரரு கெட்ட வார்த்தைல திட்டினாரு. தையல்கார அக்கா பயத்துல போனையே அணைச்சுட்டாங்க. மத்த அஞ்சு பேரும் 'யாரு, யாரு'ன்னுதான் சார் கேட்டாங்க. நீங்க மட்டும்தான் பதில் சொன்னீங்க."

"இப்ப பேசினதும் பதிவாயிருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர். "பெட்டில எல்லாத்தையும் அழிச்சீங்க, சரி. இன்வெர்ட்டர் கம்பெனி கம்ப்யூட்டருக்கும் ஒரு நகல் போகும்னு பேட்டரி சாருக்குத் தெரியாதா? ஆறு வீட்டோடதையும் மொத்தமாக் கேட்டா தர மாட்டாங்க, எந்த வீடுன்னுதான் முழிச்சிட்டிருந்தோம். நீங்களே விலாசம் குடுத்துட்டீங்க!"

மனைவியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"பதினாலு படிங்க..." அவள் படிக்கட்டைப் பார்த்தாள். "பதினாலே படி... உங்களால இறங்க முடியலையா?"

பேட்டரி சார் தலை நிமிரவில்லை. சாவி கொடுத்த பொம்மை போல வாய் மட்டும் அசைந்தது. "மேடம்... ஒரு நிமிஷம். ரிசர்வை இருபதுக்கு இறக்கிட்டு வந்துடறேன். இல்லன்னா இவளுக்கு சாயங்காலம் ஃப்ரிட்ஜ் நின்னுடும்... ஸ்டேஷன்ல... பேக்கப் இருக்கா?"

"ஓ, இருக்கே!" இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டாள். "ஒரே ஒரு ஃபேன் ஓடும் சார். அது என் நாற்காலிக்கு மேலே!"