பின் சீற் இல்லாத கார்

பின் சீற்றைக் கழற்றி வெளியே எடுத்ததும் காரின் பின்பக்கம் மேலெழும்பியிருக்க வேண்டும். அது இரண்டு விரல் தாழ்ந்தது.

சுபாஸ்கரன் முழங்காலில் நின்று, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல்களை வைத்து மறுபடியும் அளந்தார். முப்பது வருடமாகச் சாவகச்சேரியில் வாகனம் திருத்துகிறவருக்கு இதுகூடத் தெரியாதா? பாரம் இறங்கினால் ஸ்பிறிங் தகடு நிமிரும். தகடு கிழடாகிவிட்டது என்று முடிவுகட்டினார். கிழடானது தகடா தானா என்று ஒரு சிரிப்பும் வந்தது. கூடச் சிரிக்க வீட்டில் ஆளில்லை. மனைவி இராசமலர் செத்து ஆறு வருடம். ஒரே மகள் சாருஜா கனடாவில்.

கார், சுபாஸ்கரனின் அப்பா சந்தையடியில் வாடகைக்கு ஓட்டிய பழைய செவர்லே. வெகுகாலம் கொட்டிலுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. போன தை மாதம் சாருஜா ஒரு படம் அனுப்பினாள். அங்கே இப்படியான அமெரிக்கக் கார்களை வெட்டி, பாரத்தைக் குறைத்து, பெரிய எஞ்சினை வெளியே தெரியப் பூட்டிப் பறக்கவிடுகிறார்களாம். ஹொட் ரொட் என்று பெயராம். அப்பப்பாவின் காரை அப்படிச் செய்தால் ஆவணியில் வந்து ஏறுவேன் என்றாள். ஊர் பிடித்துக்கொண்டால் அப்பாவோடேயே இருந்துவிடுவேன் என்றும் சொன்னாள். அந்த ஒரு வசனத்துக்காக அவர் ஆகாயக் கப்பலே கட்டியிருப்பார்.

சீற்றைத் தூக்கி வெளியே போட்டபோது உள்ளே இருந்த வெறுமையைப் பார்த்து, அப்பா சந்தையடியில் கூவுவதுபோலத் தானும் ஒருதரம் கூவியது நினைவுக்கு வந்தது.

"ஏறுங்கோ, ஏறுங்கோ, இடம் கிடக்கு."

கிழமைக் கணக்காக யாரோடும் கதைக்காத வாய், கிடைத்த காரோடு கதைத்துவிட்டது. அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தார்.

மட்காட்டுகளைக் கழற்றினார். டிக்கி மூடியை வெட்டி எடுத்தார். கூரையை நாலு விரல் குறைத்து ஒட்டினார். வெட்ட வெட்டக் கார் இலேசாகவில்லை. ஒவ்வொரு இரும்பு வெளியே போகும்போதும் இன்னொரு அரை விரல் கீழே இறங்கி, ஆள் ஏறி அமரும்போது வருகிற அந்த நீண்ட முனகலைத் தகடுகள் முனகின. லொறித் தகடுகளாக இரண்டு சேர்த்துப் பூட்டினார். மறுநாள் பார்த்தால் அவையும் வளைந்து கிடந்தன. கொட்டிலுக்குள் மணம் ஒன்று வந்தது. மூன்று மாதமாகத் துளி மழை காணாத ஊரில், ஆடி வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்த நடுமத்தியானத்தில், பிழியாமல் குவித்த ஈரச் சேலைகளின் மணம்.

அந்த மணம் அவருக்குத் தெரியும். தொண்ணூற்றைந்தில் சண்டையால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நாளில், கொட்டுகிற மழையில், சொந்தக்காரர் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு இதே காரை அவர்தான் நாவற்குழிப் பக்கம் ஓட்டினார். வழிநெடுக நனைந்துகொண்டு நின்றவர்கள் கை காட்டினார்கள். சிலர் குறுக்கே வந்தார்கள். அவர் ஹோன் அடித்துக்கொண்டு போய்விட்டார். காரில் இடமில்லை. அது உண்மை. முப்பது வருடமாகத் தனக்குச் சொல்லிக்கொண்ட உண்மை.

சாருஜாவிடம் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாள்; பிறகு எங்கே இருக்கப்போகிறாள்? கொட்டிலுக்குள் வந்த பயத்தைவிட, அவள் வராமல் விடுவதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஆவணி வெள்ளிக்கிழமை ஒன்றில், அவளைக் கூட்டிவரப் பலாலி விமான நிலையத்துக்குப் புறப்பட்டார். பஸ்ஸில் இடம் பிடிக்கிறவர்கள் ஜன்னலால் போடுவதுபோல, முன் சீற்றில் பக்கத்து இடத்தில் முகம் துடைக்கிற தன் லேஞ்சியை விரித்துப் போட்டார். போகும் வழியெல்லாம், ஒவ்வொரு வளைவிலும், பின்னால் பாரம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்ந்தது.

சாருஜா ஒரு பையோடு வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். காரைச் சுற்றிப் பார்த்துக் கைதட்டினாள். ஏறுமுன் பின்பக்கம் எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிச் சிரித்தாள். பிறகு லேஞ்சியை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு அமர்ந்தாள்.

பத்து வருடம் பிரிந்திருந்த பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

புத்தூர் தாண்டியதும் வெளி. இரண்டு பக்கமும் காய்ந்த தரவை நிலம், தூரத்தில் ஒற்றைப் பனைகள், பொழுது சாய்கிற மஞ்சள் வெளிச்சம், மூடியில்லாத எஞ்சினின் இரைச்சல். சாருஜா கதவோடு ஒட்டி, கால்களை ஒடுக்கி இருந்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அப்பா, பின்னாலை இருக்கிற உவை எங்கை இறங்கப்போகினம்?"

அவர் கண்ணாடியில் பார்த்தார். வெறும் இரும்புத் தளம். சீற் பூட்டிய துளைகள். வேறொன்றுமில்லை.

"நான் கோவத்திலை கேக்கேல்லை. நீங்கள் தனிய இருக்கிறியள் எண்டு எத்தினை நாள் அழுதிருப்பன். ஆக்கள் இருக்கினம் எண்டது எனக்குச் சந்தோசம்தான்."

நிறுத்த வேண்டும். கால் பிரேக்கில் பதியவில்லை. நிறுத்தினால் இறங்குவார்களா? இன்னும் ஏறுவார்களா?

சாருஜா திரும்பி, சீற்றின் மேலால் இரண்டு கைகளையும் பின்னுக்கு நீட்டினாள்.

"பரவாயில்லை அக்கா, இஞ்சை தாங்கோ. நான் மடியிலை வைச்சிருக்கிறன்."

கைகள் எதையோ வாங்கின. மெதுவாக முன்னே கொண்டுவந்தன. காரின் முன்பக்கம் ஒரு விரல் இறங்கியது. அவளுடைய பாவாடைத் துணி தொடையில் அமுங்கியது.

"பாவம் அப்பா, பிள்ளை நல்லா விறைச்சுப் போச்சு."

வெறும் காற்றை மார்போடு அணைத்து, அவள் மெல்லத் தட்டத் தொடங்கினாள். அவளுடைய சட்டையில், ஒரு சின்னத் தலை சாய்கிற அளவுக்கு, தோள் பக்கம் நனைந்துகொண்டே வந்தது.