மேலிடத்துக்குப் பிடித்த நிறம்

உலகம்மாள் தன் மூன்றாவது நுரையீரலைக் கழற்றி, வெந்நீரில் இரண்டு தடவை அலசி, வெயில்விளக்கின் கீழே கொடியில் காயப்போட்டாள். அது காய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை அவள் உரக்கப் பேசக்கூடாது, குனியக்கூடாது, கோபப்படவும் கூடாது. புதுச்செங்கோட்டையில் காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். செவ்வாயின் அந்தக் குடியேற்றத்தில் தொண்ணூறாயிரம் பேர் இருந்தார்கள். தொண்ணூறாயிரம் துணை நுரையீரல்கள் அந்த நேரத்தில் கொடிகளில் தொங்கும். வடிகிற நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் கவலையில்லை. அடர்சிவப்பாக இருந்தால் தூசி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு வடிந்தது அடர்சிவப்பு. உலகம்மாள் விரலை நீட்டிக் காட்டினாள். அவள் கணவர் தாணுமாலயன் அதைப் பார்த்தார். பார்க்காதது மாதிரி சட்டைப் பொத்தானைப் போட்டார்.

அவர் கவலைக்குக் காரணம் உண்டு. தரைக்கடியில் ஒன்பது தளங்களாகக் கட்டப்பட்ட ஊர் அது. அவர்கள் குடியிருந்த இரண்டாம் தளத்தில் காற்றை நான்கு முறை வடிகட்டி விடுவார்கள். ஏழாம் தளத்தில் ஒரே ஒரு முறை. உலகம்மாள் பதினெட்டு வருஷம் சுரங்கம் தோண்டியவள். ஐந்தாம் தளத்துக்குக் கீழே குடியிருந்தால் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார். இரண்டாம் தளத்து வீடு தாணுமாலயனின் பதவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பதவி போனால் வீடு போகும், வீடு போனால் காற்றும் போகும்.

பதவியின் பெயர் ரசனை அலுவலர். ஊரை ஆண்டது ஆட்சிப்பொறி. தண்ணீர் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு, யாருக்கு எந்தத் தளம் என்பதையெல்லாம் அதுவே கணக்கிட்டுச் செய்தது, தப்பே செய்ததில்லை. ஆனால் எது அழகு என்பது மட்டும் அதன் கணக்கில் சேரவில்லை. ஆகவே, அந்த ஒன்றை ஒரு மனிதர் முடிவு செய்ய வேண்டும் என்று ஊரின் சாசனத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்; அந்தப் பதவி தொடர வேண்டுமா என்பதை மட்டும் ஆட்சிப்பொறியிடமே விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்த தாணுமாலயன் ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலிக்கு வந்தார். பூங்கா இருக்கைகள், தெருவிளக்குக் கூண்டுகள் என்று பல கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆட்சிப்பொறிக்கு முகமும் கிடையாது, குரலைத் தவிர வேறெதுவும் கிடையாது. இருந்தும் ஊரில் எல்லோரும் அதை 'ஐயா' என்றே சொன்னார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிய நகராட்சி மாளிகையின் மனுக்கூடத்தில், நுழைந்ததும் எதிரே தெரிகிற பெரிய சுவரில் ஒரு கலைப்படைப்பு வைக்க வேண்டும். ஊர்க் கலைஞர்கள் மாதிரி வடிவம் அனுப்பலாம். ரசனை அலுவலர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். சுற்றறிக்கையின் கடைசி வரிதான் தாணுமாலயனின் தூக்கத்தைக் கெடுத்தது: 'இந்தப் பதவி தேவையா என்பது இந்தத் தேர்வை வைத்து முடிவு செய்யப்படும்.'

மறுநாளே அவர் ஆட்சிப்பொறியின் அறைக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்து நின்றார்.

"ஐயாவுக்கு மனசுல ஏதாவது நிறம், வடிவம்னு இருந்தா..."

"எனக்கு விருப்பம் என்று எதுவும் இல்லை. அதற்காகத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்."

"இல்லைங்கய்யா, சும்மா ஒரு கோடி காட்டினா போதும்."

"ஒரு தகவல் வேண்டுமானால் சொல்லலாம். இந்த ஊரில் எல்லாம் சிவப்பாக இருப்பதால், நீலப் பின்னணியில் நிற்கும் ஆட்களை என் கேமராக்கள் எளிதாக அடையாளம் காண்கின்றன. இது விருப்பம் அல்ல."

தாணுமாலயன் மூன்று முறை தலையாட்டினார். பெரியவர்கள் மனதில் இருப்பதை நேராகச் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். 'இது விருப்பம் அல்ல' என்று எடுத்துச் சொன்னதே போதுமானதாக இருந்தது.

அன்று மாலை தேநீர்க் கடையில் அவரை ஞானதிரவியம் பிடித்துக்கொண்டார். ஊரில் வரவேற்பு வளைவு, பெயர்ப்பலகை, சிலை எல்லாவற்றையும் குத்தகைக்கு எடுப்பவர் அவர்தான்.

"தாணு சார், ஒரே ஒரு வார்த்தை. ஐயாவோட மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"ஐயாவுக்கு ஏதுய்யா மூஞ்சி?"

"மூஞ்சி இல்லாதவர்கிட்டதான்யா மூஞ்சியப் பார்த்து நடக்கணும். சொல்லுங்க, என்ன நெனைக்கிறாரு?"

தாணுமாலயன் தேநீரைக் குடித்து முடித்தார். சுற்றிலும் பார்த்தார். "நீலம்னு ஒரு பேச்சு வந்துச்சு. உம்மோட இருக்கட்டும்."

"செத்தாலும் என் வாயில வராது" என்றார் ஞானதிரவியம்.

இரண்டு நாளில் ஊரில் நீலச் சாயம் தீர்ந்துபோனது. நான்காம் நாள் நகராட்சியில் மிச்சமிருந்த ஏழு மனித அலுவலர்களில் ஆறு பேர் நீலச் சட்டையில் வந்தார்கள். ஏழாமவர் விடுப்பில் இருந்தார். தகவல் தெரிந்ததும் விடுப்பை ரத்து செய்துவிட்டு நீலக் காலுறையோடு ஓடி வந்தார். கெடு முடிந்தபோது அறுபத்தொரு மாதிரி வடிவங்கள் வந்து சேர்ந்திருந்தன. அறுபது நீலம். நீல அலை, நீல மயில், நீலப் பூமி, கைகுவித்த நீல உருவம். ஞானதிரவியத்தின் படைப்பு நாற்பதடி அகல நீலக்கண். பெயர் 'கருணை விழி'.

அறுபத்தொன்றாவதைக் கொண்டுவந்தவள் சந்தனமாரி. ஊரின் காற்றடைப்புக் கதவுகளைப் பழுது பார்க்கிற வேலை அவளுக்கு. அவள் அலுவலகத்துக்கு எதையும் கொண்டுவரவில்லை. தாணுமாலயனைப் பழைய நகராட்சிக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனாள். மனு கொடுக்க வருகிறவர்கள் வரிசையில் நிற்கிற நீண்ட தாழ்வாரம் அது. சுவர் முழுக்கச் செம்மண் கட்டி.

"எங்கம்மா உன் மாதிரி? நீலம் அடிக்கலையா?"

"சுவருக்கு எதுக்கு சார் நீலம்? அதுக்கென்ன காத்து போதாம நீலம் பாரிக்குதா?" என்றாள். "இதுதான் மாதிரி. கிட்ட வந்து பாருங்க."

சுவரில் மனிதர்களின் உயரத்தில் வரிசையாகக் குழிவுகள் இருந்தன. முப்பத்தொரு வருஷமாக வரிசையில் நின்றவர்கள் கால் வலிக்கும்போது சாய்ந்து சாய்ந்து, மண்கட்டி தேய்ந்து விழுந்த குழிவுகள். தோள்கள், முழங்கைகள், பின்தலைகள். கொஞ்சம் தாழ்வாக, இடுப்புக் குழந்தையின் முதுகு பட்ட இடம்கூடத் தெரிந்தது. இந்தக் கட்டடத்தை அடுத்த மாதம் இடிக்கப்போகிறார்கள். அதற்கு முன் இந்தச் சுவரை அப்படியே அச்செடுத்து, புதுக் கூடத்தில் கருங்கல்லில் செதுக்கி நிறுத்த வேண்டும் என்பதுதான் அவள் யோசனை. காத்திருக்க வருகிறவர்கள் அதில் சாய்ந்து நிற்கலாம்.

"சும்மா சாஞ்சு பாருங்க சார்."

தாணுமாலயன் மனு வாங்குகிற நான்காம் சாளரத்தின் பக்கத்தில் போய்ச் சாய்ந்தார். அந்த இடம் அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன், உலகம்மாளைச் சுரங்க வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி மனுவோடு பதினொரு நாள் அங்கே நின்றிருக்கிறார். வலது தோள் குழிவுக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. அவருக்கு முன்னால் நின்ற யாரோ, பின்னால் நின்ற யாரோ, எல்லோரும் சேர்ந்து தேய்த்த குழிவு. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்கிட்டீங்களா சார்?"

"இல்லம்மா." அவர் விலகி, தோளிலிருந்த செம்மண்ணைத் தட்டினார். "ஆனா இதை ஐயா பார்த்தா, ஜனங்களை இவ்வளவு வருஷம் நிக்க வச்சீங்களேன்னு குத்திக்காட்டுற மாதிரி எடுத்துக்க மாட்டாரா?"

"அவரு எடுத்துக்கறது இருக்கட்டும். உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எனக்கு எப்படி இருந்தா என்னம்மா ஆகப்போகுது?" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

வீட்டில் உலகம்மாளிடம் அந்தச் சுவரைப் பற்றிச் சொன்னார். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்ததால் அவளே கேட்டு வாங்கிவிட்டாள்.

"அவ்வளவு பிடிச்சிருந்தா அதையே எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?"

"பதவி போச்சுன்னா? ஏழாம் தளத்துக்கு அனுப்பிட்டா நீ என்ன ஆவே? எல்லாம் உனக்காகத்தான் பார்க்கறேன்."

உலகம்மாள் மூச்சை இழுத்து நிதானப்படுத்திக்கொண்டாள். "எனக்காகப் பாருங்க, வேணாங்கலை. ஆனா உங்க பயத்தையெல்லாம் என் நுரையீரல்ல கொண்டாந்து வைக்காதீங்க. அதுல ஏற்கெனவே தூசி நெறைய இருக்கு."

தாணுமாலயன் கை கழுவ எழுந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு, 'கருணை விழி' என்று எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்சிப்பொறியின் அறையில் நின்றார். தாளில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

"உங்களுக்கு இது பிடித்திருக்கிறதா?" என்று குரல் கேட்டது.

"ஐயாவுக்குப் பிடிக்கும்னுதான்..."

"உங்களுக்கு?"

"ஐயாவுக்குப் பிடிச்சா எனக்கும் பிடிச்ச மாதிரிதானுங்க."

பிறகு அவர் எதிரே சுவரில் ஒரு தாள் அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. அதில் இரண்டு வரிகள் இருந்தன. 'தேர்வு நீல நிறமாக இருக்கும். வடிவம் பெரும்பாலும் கண்.'

"நீங்கள் என்னிடம் நிறம் கேட்ட அன்று மாலை நான் எழுதி வைத்தது இது. ஒருவரின் முடிவை அவருக்கு முன்பே என்னால் எழுதிவிட முடியுமானால் அந்த நாற்காலி தேவையில்லை. நான் வைத்திருந்த சோதனை அது ஒன்றுதான். கையெழுத்தாகிவிட்டதால் உங்கள் தேர்வு செல்லும், கண் நிறுவப்படும். பதவி இன்றோடு முடிகிறது. முப்பது நாளில் ஏழாம் தளத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். சிறப்புக் காரணம் இருந்தால் மனு எழுதலாம்."

தாணுமாலயன் கூரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, ஒரு நிமிஷம்! சந்தனமாரியோட சுவர் இருக்கு பாருங்க, சாயற சுவர். அதுதான் எனக்குப் பிடிச்சது. சத்தியமா அதுதான்."

"அது உண்மையாகவே உங்களுக்குப் பிடித்தது என்பதாலா? அல்லது எனக்கு இப்போது அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதாலா?"

அவர் வாயைத் திறந்தார். அந்தக் குழிவு தோளைப் பிடித்துக்கொண்டது நினைவில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லப்போன இந்த வினாடியில், கூரையிலிருந்து ஏதாவது சம்மதம் வருகிறதா என்றுதான் அவர் காது காத்திருந்தது. அது அவருக்கே தெரிந்தது.

வெளியே நீலச் சட்டைகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. "என்ன சொன்னாரு? ஏன் தூக்கிட்டாரு?"

"தனக்குத் தெரியாத ஒரு கருத்தை எதிர்பார்த்திருக்காரு. நான் அவரு மனசுல இருக்கிறதாவே பார்த்து எழுதிட்டேன்."

அலுவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் அவசரமாகக் கலைந்து போனார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் ஒன்பது தளங்களிலும் செய்தி பரவியது: ஐயாவுக்கு எதிர்த்துப் பேசினால்தான் பிடிக்கும்.

மாளிகை திறப்பு நாளில் மனுக்கூடம் நிரம்பி வழிந்தது. சுவரில் நாற்பதடி நீலக்கண் இமைக்காமல் பார்த்தது. கீழே வரிசை தெருவரை நீண்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரே மாதிரித் தாள். ஞானதிரவியம் வாசலில் மேசை போட்டு அச்சடித்த மாதிரி மனுவை விநியோகித்துக்கொண்டிருந்தார். தலைப்பு: 'ஐயா அவர்களின் மேலான பார்வைக்குப் பணிவான எதிர்ப்பு.' கீழே நான்கு வரி. 'தங்கள் முடிவுகளை நான் வன்மையாக மறுக்கிறேன். இவ்வாறு மறுக்க அனுமதித்த தங்கள் பெருந்தன்மைக்கு என்றும் நன்றியுடையவன்' என்று முடியும்.

"எதிர்ப்புல காரம் கொஞ்சம் தூக்கலா வேணுமா, சாதாவா?" என்று அவர் வரிசையைப் பார்த்துக் கேட்டார். "தூக்கல்ல ரெண்டு ஆச்சரியக்குறி இருக்கு!"

தாணுமாலயனும் வரிசையில் நின்றார். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அந்த அச்சடித்த தாள். இன்னொன்றில் அவர் கையெழுத்தில் ஒரே வரி: 'என் மனைவி உலகம்மாளுக்கு ஐந்தாம் தளத்துக்கு மேலே இருக்கிற காற்று வேண்டும்.' மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் அதோடு இணைத்திருந்தது.

மனுக்கூடத்துக் கதவின் கீலில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சந்தனமாரி அவரைப் பார்த்தாள். கையிலிருந்த தாள்களையும் பார்த்தாள்.

"கையால எழுதினதையே குடுத்துருங்க சார். அதுல எல்லாம் இருக்கு."

"இருக்கும்மா. ஆனா இதைக் குடுத்தா கெஞ்சற மாதிரி ஆயிடும். இப்போ ஐயாவுக்கு எதிர்ப்புதான் பிடிக்குதுங்கறாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள். வரிசை நகர்ந்தது. முன்னால் இரண்டு பேர் மட்டும் மிச்சமிருக்கும்போதுகூட அவர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தது. பின்னால் நின்றவன் "சீக்கிரம் பெரியவரே" என்று தோளில் இடித்தான். கையால் எழுதிய தாளை மடித்து மருத்துவர் சீட்டோடு சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆச்சரியக்குறி இரண்டு உள்ள தாளைச் சாளரத்துக்குள் போட்டார்.

அந்த நேரத்தில் இரண்டாம் தளத்தில் உலகம்மாள் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு வைத்ததும் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

மாலை ஐந்து மணிக்கு ஆட்சிப்பொறி அன்றைய பதிவை வெளியிட்டது. 'வந்த மனுக்கள் 4,112. சொற்கள் ஒன்றாகவே இருந்ததால் ஒரே மனுவாகக் கொள்ளப்பட்டன. முழுவதும் படித்துப் பார்க்கப்பட்டது. யாருக்கும் எதுவும் வேண்டும் என்று அதில் கேட்கப்படவில்லை.'